ஓம் எண்டு சொல்லும் வரைக்கும்

ஐயா, உங்கட மேல ஓடுற ஃபான் ஒரு பக்கம் சரிஞ்சு சுத்துது. ஒரு தகட்டில ஆணி இளகியிருக்கு. ஏணி வைச்சு ஒருக்கா இறுக்கினாச் சரி, பெரிய வேலையில்லை. வந்து குந்தின உடனயே கண்டிட்டன். பிழையளைக் காணுறதுதான் என்ர தொழில். எங்கட கந்தோரா இருந்தா நான் சொல்லியிருக்க மாட்டன். அதுக்குக் கீழ இருக்கிற ஆள் எப்ப நிமிர்ந்து பாக்கிறார் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பன்.

என்ர பேர் யுகேந்திரன். வயது நாப்பத்துநாலு. உப்புவெளியில வீடு. மனுசி நிஷாந்தினி டீச்சர், பிள்ளையள் இல்லை. எங்கட கந்தோர் உள்துறைமுகத்தைப் பாத்த மாதிரி ஒரு மேல்மாடியில இருக்கு. மென்பொருள் செய்யிறம், ஒன்பது பேர். முதலாளி ஸைனுலாப்தீன் சேர் கிண்ணியாக்காரர், இப்ப கூடுதலாக் கொழும்பிலதான். அவர் நல்ல மனுசன், அவருக்கு இதில ஒண்டும் தெரியாது. புதுசா வாற பிள்ளையளைப் பழக்கி எடுக்கிறது பத்து வருஷமா என்ர பொறுப்பு. பதினாலு பேரைப் பழக்கியிருக்கிறன். அதில நாலு பேர் வெளிநாட்டில. இன்னும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புவினம்.

நேற்று இதே பொலிஸ் மேசையில நீங்கள் எங்கட கந்தோர்ப் பிள்ளை லோஜனாவின்ர கடிதத்தைக் காட்டி, புதுப்பிள்ளை விட்ட பிழை, பாவம் எண்டு சொன்னனீங்கள். அது எனக்கு மனசில தைச்சுப்போச்சு. அதைத் திருத்தத்தான் இண்டைக்கு நானாவே வந்தனான். அது புதுப்பிள்ளை விட்ட பிழை இல்லை ஐயா. புதுப்பிள்ளை விட்ட மாதிரி ஒரு பிழையைச் செய்யிறதுக்கு இருபது வருஷ அனுபவம் வேணும். ஆறுதலாச் சொல்லுறன், எழுதிக்கொள்ளுங்கோ.

புதுசா வாற பிள்ளைக்கு முதல் நாள் நான் குடுக்கிறது ஒரு கதிரை, ஒரு கொம்பியூட்டர், ஒரு சட்டம். என்ன எழுதினாலும் எனக்கு அனுப்போணும். நான் வாசிச்சு, கீழ "ஓம்" எண்டு எழுதினாத்தான் அது பாவிக்கிற சனத்தின்ர போனுக்குப் போகும். மற்றக் கொம்பனியளில இதுக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் வைச்சிருக்கினம். எங்களுக்கு ரெண்டு எழுத்துக் காணும். ஓம் இல்லையெண்டா, நீங்கள் எழுதினது எழுதாத மாதிரித்தான்.

முதல் மாசம் ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஓம் சொல்லிப்போடுவன். ரெண்டாம் மாசம் ஒரு நாள் எடுப்பன். மூண்டாம் மாசம் ஒரு கிழமை. ஏன் எண்டு சொல்ல மாட்டன். சில நாள் "இல்லை" எண்டு மட்டும் எழுதி அனுப்புவன். எழுதினதில ஒரு பிழையும் இருக்காது. ஆனா அந்தப் பிள்ளை இருந்து தேடித் தேடி மூண்டு பிழையைக் கண்டுபிடிச்சு, திருத்தி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா எண்டு திருப்பி அனுப்பும். அப்ப நான் ஓம் எண்டுவன். ஒரு பிள்ளைக்குத் தன்ர கையில நம்பிக்கை வைக்கிறது லேசு, அதைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறதுதான் கஷ்டம். என்னைப் பழக்கினவர் எனக்குச் செய்ததைத்தான் நான் செய்தனான், கொஞ்சம் வடிவாக்கிச் செய்தனான்.

மற்றது முள்ளு. இது ஒருத்தருக்கும் தெரியாது, இண்டைக்குத்தான் வாயால சொல்லுறன். நாங்கள் மீன் தின்னுற சனம். வாயில வைச்ச உடன நாக்கு முள்ளைத் தேடும், அதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. கோட் எழுதிறவனுக்கும் அந்த நாக்கு வேணும் எண்டுறது என்ர கொள்கை. அதால புதுசா வாற ஒவ்வொரு ஆளின்ர வேலைக்குள்ளயும் நான் ஒரு முள்ளு வைப்பன். சின்னன்தான். ஒரு கூட்டல் இருக்கிற இடத்தில கழித்தல். ஒரு "பெரிசு" இருக்கிற இடத்தில "சிறிசு". அவைட வேலைக்குள்ள, அவைட கொம்பியூட்டரில இருந்து, அவைட பேரில.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுக்கு நல்ல நேரம். முஸ்லிம் பெடியள் ஜும்மாவுக்குப் போடுவாங்கள், எங்கட பிள்ளையள் காளி கோயிலுக்குப் போட்டு அப்பிடியே சாப்பிட்டிட்டு வருவினம். ஒண்டரை மணித்தியாலம் கந்தோர் வெறுமையாக் கிடக்கும். கீழ றோட்டில, ஊருக்குள்ள திரியிற ரெண்டு மான் சாப்பாட்டுப் பாசல் கடதாசியைத் தின்னுகொண்டு நிக்கும், அவ்வளவு அமைதி. எல்லாற்றை பாஸ்வேர்டும் என்னட்ட இருக்கும், அதுவும் முதல் நாள் சட்டம்தான். ஆர், எந்த நாள், எத்தினை மணிக்கு எந்த வரியை மாத்தினது எண்டு கொம்பியூட்டர் பதிஞ்சு வைச்சுக்கொள்ளும். அதைச் சத்தியக் கடதாசி மாதிரி எல்லாரும் நம்புவினம்.

முள்ளைக் கண்டுபிடிக்கிறதில்லை ஐயா சோதினை. எப்பிடியும் ஒரு நாள் கண்டிடுவினம். கண்டுபிடிச்ச பிறகு என்ன சொல்லுறாங்கள் எண்டுறதுதான் சோதினை.

கிண்ணியா அஸ்ஹான் மூண்டு வருஷத்துக்கு முதல் வந்தவன். கண்டுபிடிச்ச உடன என்ர மேசையடிக்கு வந்து, "சேர், இது நான் எழுதினதில்லை" எண்டான்.

"பதிவில உம்மட பேர்தானே கிடக்கு, தம்பி."

"வெள்ளிக்கிழமை பன்னெண்டே முக்கால் எண்டு போட்டிருக்கு சேர். அந்த நேரம் நான் ஜும்மாப் பள்ளியில நிண்டனான். நூறு பேர் கண்டிருப்பினம், கேளுங்கோ."

அடுத்த நாள் என்ர ஓமுக்குக் காத்திராமத் தானே திருத்தி ஏத்தியும் போட்டான். அவன் சொன்னது முழுக்க உண்மை. ஆனா உண்மை சொல்லுறவனோட கூடி வேலை செய்ய ஏலாது ஐயா, அவன் எல்லாத்துக்கும் சொல்லுவான். கூட்டு வேலைக்குச் சரிவராது எண்டு எழுதி அனுப்பிப்போட்டன். இப்ப கிண்ணியாவில போன் திருத்துற கடை வைச்சிருக்கிறான். நல்ல கை. என்ர போனையும் ஒருக்கா அவனட்டத்தான் குடுத்தனான், வடிவாச் செய்து தந்தான், முகத்தை மட்டும் நிமிர்த்திப் பாக்கேல்லை.

மற்றவை எல்லாரும், "என்ர பிழைதான் அண்ணா, இனி இப்பிடி நடக்காது" எண்டவை. அவையைத்தான் நான் வேலைக்கு நிரந்தரமாக்கினது. செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேக்கிற பிள்ளை, செய்த பிழையை ஒரு நாளும் மறைக்காது. நான் இதை நல்லா யோசிச்சுத்தான் செய்தனான்.

லோஜனா போன வைகாசியில வந்தவள். சல்லி மீனவ ஊர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் யோகம்மாவின்ர தம்பி பாலசிங்கம்தான் கடலுக்குப் போய்ப் படிப்பிச்சு விட்டவர். பதினாலு பேரிலயும் அவள்தான் கெட்டிக்காரி, அதை நான் மறைக்கேல்லை. வந்த முதல் கிழமை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, "அண்ணா, உங்கட பழைய கோட்டில ஒரு சின்னப் பிழை கிடக்கு, மூண்டு வருஷமா அப்பிடியே கிடக்குது" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவள். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். அதுக்காகத்தான் செய்தனான் எண்டு தயவு செய்து எழுதிப்போடாதேங்கோ. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவளுக்குக் குடுத்த வேலை மீனவர் சங்கத்தின்ர ஆப். வள்ளத்தில ஒரு சின்னக் கருவி பூட்டுறது. எஞ்சின் பழுதாகி, கருவியும் நிக்கிற இடத்தைச் சொல்லாம விட்டா, கடைசியா நிண்ட இடத்தில இருந்து காத்தும் நீரும் அந்த வள்ளத்தை எங்க இழுத்துக்கொண்டு போயிருக்கும் எண்டு கணக்குப் பாத்து, தேடப் போறவைக்குப் படத்தில காட்டோணும். அதில ஒரு நுட்பம் இருக்கு ஐயா. காத்துக்குப் பேர் அது வாற பக்கத்தில. வடக்கால வாறது வாடை. நீரோட்டத்துக்கு அப்பிடியில்லை, அது போற பக்கம்தான் அதுக்குப் பேர். தெற்கு நீர் எண்டா தெற்கால போகுது எண்டு அர்த்தம். வானிலைக் கணக்கிலயும் அதே முறைதான். பட்டம் படிச்ச பெடியள் பத்தில ஒன்பது பேர் ரெண்டையும் ஒண்டு எண்டு நினைச்சுக் குழப்புவாங்கள். அவள் சல்லியில பிறந்தவள், குழப்பேல்லை. முதல் தரமே சரியா எழுதியிருந்தவள்.

ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் அதை மாத்திவிட்டன். ஒரே ஒரு வரி. தெற்கால போற நீரை அது வடக்கால போகுது எண்டு காட்டும். ஆர் பாத்தாலும், பாவம் புதுப்பிள்ளை, காத்து மாதிரி நினைச்சு எழுதிப்போட்டுது எண்டுதான் சொல்லுவினம். நீங்களும் நேற்று அதைத்தானே சொன்னனீங்கள். அந்த முள்ளில எனக்கு ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்ல மாட்டன்.

மற்ற நேரம், சனத்தின்ர கைக்குப் போக முதல் முள்ளை நானே எடுத்துப்போடுவன். இந்த முறை முதலாளி அவசரப்பட்டார். சங்கம் கேட்டுக்கொண்டு இருக்குது, குடுக்கலாமோ எண்டு கொழும்பில இருந்து கேட்டார். லோஜனா அப்ப முள்ளைக் காணேல்லை. நான் எடுத்தா அவளின்ர சோதினை பழுதாப்போகும். காத்தும் மழையும் இல்லாத காலம், வள்ளம் ஒண்டும் அள்ளுப்படாது எண்டு நினைச்சன். ஓம் எண்டு சொன்னனான்.

சல்லியில வீடு வீடாப் போய் அவள்தான் சொன்னவள், இதைப் பூட்டுங்கோ, உசிருக்குப் பாதுகாப்பு எண்டு. பாலசிங்கம்தான் முதல் ஆளாப் பூட்டினவர். "என்ர பிள்ளை செய்த சாமான்" எண்டு வள்ளத்தில கை வைச்சுக்கொண்டு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினவராம். பதினொரு வள்ளம் சல்லியில, ஏழு நிலாவெளியில.

புரட்டாசியில அவள் முள்ளைக் கண்டுபிடிச்சாள். முகம் வெளிறிப்போய் வந்து நிண்டாள். "அண்ணா, நீர் போற பக்கத்தை வாற பக்கம் எண்டு எழுதிப்போட்டன். எப்பிடி எழுதினன் எண்டு எனக்கே விளங்கேல்லை. மாமாக்குத் தெரிஞ்சாச் சிரிப்பார். என்ர பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டாள். கண் கலங்கியிருந்தது. நல்லாச் செய்தாள் எண்டு மனசுக்குள்ள நினைச்சன். வெளியில ஒண்டும் காட்டேல்லை. திருத்தி எனக்கு அனுப்பும் எண்டன். பத்து நிமிஷத்தில அனுப்பினாள். ஒரு வரி, சரியாத்தான் இருந்தது.

அவள் அப்ப அஞ்சாம் மாசம். அவளுக்குப் பழக்க வேண்டி இருந்தது பொறுமை. அதால ஓம் சொல்லாம வைச்சிருந்தன். ஒவ்வொரு நாளும் காலமை வந்து, "அண்ணா, அதைப் பாத்தனீங்களோ?" எண்டு கேப்பாள். பாப்பம் எண்டுவன். ஏழாம் நாள் கேக்கிறதை விட்டிட்டாள், தண்ணிப் போத்திலைக் கையில வைச்சுக்கொண்டு என்ர மேசையை ஒருக்காப் பாத்திட்டுப் போவாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

அண்டைக்குப் பாலசிங்கமும், கூடப் போற தர்மிகன் எண்ட பெடியனும் விடியக் கடலுக்குப் போனவை. எஞ்சின் நிண்டிட்டுது. போன் எட்டுற தூரத்தில இருக்கேக்க ஒருக்கா வீட்டுக்குச் சொல்லிப்போட்டினம். பேந்து கருவியும் நனைஞ்சு நிண்டுது. சங்கச் செயலாளர் சோமசேகரம் ஆறு வள்ளத்தைத் தேட ஆயத்தப்படுத்திப்போட்டு ஆப்பைத் திறந்தார். ஆப் வடக்கைக் காட்டிச்சு, குச்சவெளிப் பக்கம். கரையில ஒரு ஓட்டம், ஆழத்தில வேற ஓட்டம் ஓடுற கடல் எங்கட கடல். ஆழத்தில நீர் எங்கால போகுது எண்டு கரையில நிண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது. அதுக்காகத்தானே ஆப் செய்தது.

நான் வீட்டு முத்தத்தில மோட்டச்சைக்கிள் கழுவிக்கொண்டு நிண்டனான். பத்து மணி இருக்கும். போன் அடிச்சுது. லோஜனாவின்ர பேரைக் கண்டிட்டு விட்டிட்டன். திரும்ப அடிச்சுது. பதினேழு தரம் அடிச்சிருக்குது, நீங்களும் போன் பதிவில பாத்திருப்பியள். இடையில மெசேஜ் வந்துது. திறக்காமலே மேல கிடந்ததை வாசிச்சன். "அண்ணா மாமாட வள்ளம். எஞ்சின் நிண்டிட்டுது. ஆப் வடக்கைக் காட்டுது, அது என்ர பிழை. திருத்தினதை ஏத்தட்டோ. ஓம் சொல்லுங்கோ." நேற்று நீங்கள் கேட்டதுக்கு, போனைப் பாக்கேல்லை எண்டு சொன்னனான். அது பொய். பாத்தனான்.

நிஷாந்தினி குசினி வாசலில வந்து நிண்டு, "ஆரப்பா அது, எடுங்கோவன்" எண்டாள்.

"கந்தோர்ப் பிள்ளை. ஒரு விஷயம் படிச்சுக்கொண்டு இருக்குது. இடையில குழப்பக் கூடாது" எண்டன்.

"ஞாயிற்றுக்கிழமையோ படிப்பு?" எண்டுபோட்டு உள்ள போட்டாள்.

அந்த நேரம் நான் என்ன நினைச்சன் எண்டு நீங்கள் கேப்பியள். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவளுக்கு ஏத்தத் தெரியும். ஒரு பொத்தான் அமத்திற வேலை. ஓம் இல்லாம ஏத்துறாளோ எண்டு பாப்பம் எண்டு நினைச்சன். அதுதான் அவளுக்கு நான் வைச்ச கடைசிச் சோதினை. ஏத்தியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பன். உண்மையாச் சந்தோஷப்பட்டிருப்பன். பேந்து, சட்டத்தை மீறினதுக்கு அவளை அனுப்பியிருக்கவும் வேண்டி வந்திருக்கும், அது வேற விஷயம்.

சங்கத்தடியில என்ன நடந்தது எண்டு சோமசேகரம் எனக்குப் பேந்து சொன்னவர். லோஜனா ஓட்டோவில ஓடி வந்து, கரையில நிண்டு, ஆப்பில ஒரு பிழை இருக்கும் போல எண்டிருக்கிறாள். வள்ளங்கள் எஞ்சின் போட்டபடி நிக்குது. "பிள்ளை, கெதியாச் சொல்லு, வடக்கோ தெற்கோ?" எண்டு கேட்டிருக்கிறார் மனுசன். தெற்கு எண்டு அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தவளாம். பிறகு மூடிப்போட்டு, "கொஞ்சம் பொறுங்கோ அங்கிள், அண்ணாட்டக் கேட்டுச் சொல்லுறன்" எண்டிருக்கிறாள்.

அரை மணித்தியாலம் பொறுத்தவை. பிறகு, பிள்ளைக்கே நிச்சயம் இல்லைப் போல, ஆப் காட்டின பக்கமே போவம் எண்டு வடக்கால போட்டினம். மற்றத் தேடுற ஆக்களுக்கும் சங்கம் அந்த இடத்தைத்தான் குடுத்தது. வள்ளம் தெற்கால போய்க்கொண்டிருந்தது. அண்டு பின்னேரம் வரைக்கும் தங்களுக்குக் கரையில கோயில் இருக்கிற சுவாமி மலை தெரிஞ்சுது எண்டு தர்மிகன் சொல்லுறான். வடக்கில எஞ்சின் சத்தம் கேட்டு, உடுத்திருந்த சாரத்தைக் கழட்டி வீசிக் காட்டினவையாம். சத்தம் குறைஞ்சு குறைஞ்சு போட்டுதாம்.

திங்கக்கிழமை எட்டரைக்கு நான் கந்தோருக்குப் போகேக்க அவள் தன்ர கதிரையில இருந்தாள். காலமை கதவு திறந்ததில இருந்து அப்பிடியே இருக்கிறாள் எண்டு மற்றப் பிள்ளையள் சொல்லிச்சினம். திரையில அந்த ஒரு வரி. நான் பக்கத்தில போய், "ஏன் ஏத்தேல்லை?" எண்டு கேட்டன்.

"நீங்கள் ஓம் சொல்லேல்லையே, அண்ணா."

பத்து வருஷத்தில ஒரு பிள்ளையும் எனக்கு அப்பிடி ஒரு மறுமொழி சொல்லேல்லை. சொந்த மாமன் கடலில நிக்கேக்கயும் முறையை மீறாம இருந்திருக்கிறாள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இப்பவும் இருக்கு.

அப்பவாவது சொல்லியிருக்கலாமே எண்டு நீங்கள் நினைக்கிறியள், முகத்தில தெரியுது. அவசரத்தில செய்யிற வேலை எனக்குப் பிடிக்காது. ஒருத்தற்றை மாமன் காணாமல் போட்டார் எண்டதுக்காக வாசிக்காமல் ஓம் சொன்னா, நாளைக்கு எல்லாரும் ஒரு காரணத்தோட வந்து நிப்பினம். ஆறுதலாப் பாத்துச் சொல்லுறன் எண்டன். சரி அண்ணா எண்டாள். செவ்வாய்க்கிழமையும் வடக்கிலதான் தேடினவை. புதன் பின்னேரத்தோட விட்டிட்டினம்.

வெள்ளிக்கிழமை, தெற்கால மட்டக்களப்புக்கு நேர வெளிக்கடலில ஒரு பெரிய வள்ளம் அவையைக் கண்டது. தர்மிகன் உசிரோட இருந்தான். பாலசிங்கம் புதன்கிழமை மத்தியானம்தான் செத்தவர், தண்ணி இல்லாம. மிச்சம் கிடந்த ஒரு போத்திலைப் பெடியனுக்கு விட்டுக் குடுத்திருக்கிறார். திங்க காலமைக்கும் புதன் மத்தியானத்துக்கும் இடையில எவ்வளவு நேரம் எண்டு நீங்கள் கணக்குப் பாப்பியள். நானும் பாத்தனான். அம்பத்தொரு மணித்தியாலம்.

செத்த வீட்டுக்குப் போனனான். யோகம்மா என்ர கையைப் பிடிச்சு, "தம்பி, அவள் தன்னாலதான் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் பெரிய ஆள், நீங்கள் சொல்லுங்கோ, அப்பிடி இல்லை எண்டு" எண்டு அழுதா. எல்லாருக்கும் பிழை வாறதுதான் அக்கா எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது, வீடு நிறையச் சனம்.

அதுக்கு அடுத்த கிழமை லோஜனா அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டு கந்தோருக்கு வந்தாள். உங்களிட்டத் தர முதல் என்னட்டக் காட்ட வந்தவள். "அண்ணா, ஒருக்காப் பாருங்கோ" எண்டு நிண்டாள். நீங்கள் நேற்று எனக்குக் காட்டினது சுத்தக் கொப்பி. முதல் எழுதினதில இன்னொரு வசனம் கிடந்தது. "அந்த வரியை நான் அப்படி எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை" எண்டு. சாட்டுச் சொல்லுற மாதிரிக் கிடக்குது, அதை எடுத்துவிடும் எண்டன். உடன வெட்டினாள். நீரோட்டம் எண்டதில ஒரு எழுத்துப் பிழை, அதையும் திருத்திக் குடுத்தனான். பிறகு ஓம் எண்டன். முதல் மாசத்துக்குப் பிறகு நான் அவளுக்குக் கெதியாச் சொன்ன ஒரே ஒரு ஓம் அதுதான்.

இவ்வளவுதான் ஐயா. வரியை மாத்தினது நான். அது பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே வள்ளங்களுக்குக் குடுக்க ஓம் சொன்னது நான். அவள் கூப்பிடேக்க பேசாம இருந்தது நான். பாலசிங்கத்தைச் சாகடிச்சது நான் எண்டு நீங்கள் எழுதினாலும் நான் கையெழுத்து வைப்பன். ஆனா பழக்கினதில ஒரு பிழையும் இல்லை. என்ர வேலையை அந்தப் பிள்ளையின்ர பேரில விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை, அதுதான் வந்தனான்.

போன கிழமை யோகம்மா கந்தோர்ப் படியேறி வந்தவ. லோஜனா வீட்டை விட்டு வெளிக்கிடுறேல்லையாம். சோறு போடட்டோ எண்டு கேட்டாலும், லைற்றை நிப்பாட்டட்டோ எண்டு கேட்டாலும், "அண்ணாட்டக் கேட்டுச் சொல்லுறன்" எண்டுறாளாம். "நீங்கள் ஒருக்கா வந்து, சாப்பிடு எண்டு சொல்லுங்கோ தம்பி, நீங்கள் சொன்னாக் கேப்பாள்" எண்டு கும்பிட்டா. நான் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக் குடுக்கிறேல்லை. அப்பிடி ஒரு பழக்கத்தை வைச்சா அதுக்கு முடிவில்லை.

அந்தத் திருத்தமோ? இல்லை ஐயா, இன்னும் ஏறேல்லை. சல்லி ஆக்கள் கருவியைக் கழட்டி எறிஞ்சுபோட்டினம், நிலாவெளியில ஏழு வள்ளம் இன்னும் அதோடதான் கடலுக்குப் போகுது. இண்டைக்கும் போயிருக்கும், வெளியில மழை இல்லைத்தானே. ஏழு கிழமையா அந்த வரி என்ர பக்கம் அப்பிடியே கிடக்குது. அவள் பிறகு வந்து கேக்கேல்லை. வந்து கேட்டாளெண்டா, ஓம் எண்டு சொல்லுறதில எனக்கு ஒரு தடையும் இல்லை.